ஆற்று நீரை அளக்கிறோம், ஆற்று மண்ணை எப்போது அளப்போம்?

மாலை மழை ஓய்ந்த பிறகு கூலாயிலும் செனாயிலும் ஸ்கூடாய் ஆற்றுப் பாலத்தைக் கடந்திருக்கிறீர்களா மாணவர்களே? காலையில் மங்கலான பச்சை நிறத்தில் இருந்த ஆறு, மாலையில் தே தாரிக் நிறத்தில் ஓடும். "மழைத் தண்ணீர், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போனேன்.

அந்த நிறம் மண்ணின் நிறம். ஏதோ ஒரு மேட்டிலிருந்து, செம்பனைத் தோட்டத்திலிருந்து, புதிதாக வெட்டிய மனையிலிருந்து கிளம்பிய மண் அது. எவ்வளவு மண் போகிறது, எங்கிருந்து போகிறது, எங்கே போய்ப் படுகிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் நம் குடிநீரையும் வாய்க்காலையும் கடலோரத்தையும் காப்பாற்ற முடியும். ஆற்றின் நீர்மட்டத்தை இரவு பகலாக அளக்கும் நாம், அதே ஆறு சுமந்து செல்லும் மண்ணையும் அதே அக்கறையோடு அளக்க வேண்டும். அளந்ததை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

வண்டல் என்றால் என்ன?

நீர் அரித்து, சுமந்து, பிறகு எங்கோ இறக்கி வைக்கும் மண்துகள்களைத்தான் வண்டல் என்கிறோம். அறிவியலாளர்கள் துகளின் அளவை வைத்து அதைப் பிரிக்கிறார்கள். 2 மில்லிமீட்டர் முதல் 0.063 மில்லிமீட்டர் வரை இருப்பது மணல். அதற்கும் கீழே 0.002 மில்லிமீட்டர் வரை நுண்மண். அதைவிடச் சிறியது களிமண்.

இந்த அளவு வேறுபாடு சாதாரணமானதன்று. அசையாத நீரில் ஒரு மீட்டர் ஆழம் இறங்க, 1 மில்லிமீட்டர் மணலுக்குச் சுமார் 10 விநாடி போதும். 0.1 மில்லிமீட்டர் மணலுக்கு இரண்டு நிமிடம் ஆகும். 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கோ மூன்று நாள் வேண்டும். அதனால் மணல் ஆற்றின் அடியில் உருண்டும் துள்ளியும் போகிறது. களிமண் நீரோடு கலந்து கடல்வரை போய்விடுகிறது. நீங்கள் பாலத்தின் மேலிருந்து பார்க்கும் தே தாரிக் நிறம் பெரும்பாலும் இந்த நுண்துகள்களால் வருவது. அடியில் உருளும் மணல் உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

வண்டலை வெறும் அழுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. காவிரி டெல்டாவின் வயல்களை வளப்படுத்தியது வண்டல்தான். நமக்குப் பக்கத்தில் சுங்கை பூலாய் கழிமுகத்தில் சதுப்புநிலக் காடு நிற்பதும் வண்டலின் மேல்தான். 2003ஆம் ஆண்டு முதல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலம். ஆனால் அதே கழிமுகத்துக்கு வெளியே மெராம்போங் பகுதியில் கடற்புல் வளர்கிறது. கடற்புல் ஒளிச்சேர்க்கை செய்யும் தாவரம். நீர் கலங்கினால் அதற்கு வெளிச்சம் எட்டாது. ஒரே கழிமுகத்தில் ஒன்றுக்கு வண்டல் உணவு, மற்றொன்றுக்கு அது போர்வை. இங்கே "நல்லதா, கெட்டதா" என்று கேட்பதைவிட "எவ்வளவு" என்று கேட்பதே சரி. எவ்வளவு என்ற கேள்விக்கு அளவீட்டால் மட்டுமே பதில் சொல்ல முடியும்.

நாம் இருக்கும் இடம் எது?

கூலாய் மாவட்டம் ஒரு நீர்பிரி மேடு போன்றது. ஒரு பக்கம் விழும் மழை ஸ்கூடாய் ஆற்றில் சேர்ந்து, செனாய், ஸ்கூடாய் வழியாக ஜொகூர் நீரிணைக்குப் போகிறது. மற்றொரு பக்கம் விழும் மழை சாயோங் ஆற்றில் சேர்ந்து, ஜொகூர் ஆற்றில் கலந்து, கோத்தா திங்கியைக் கடந்து கடலுக்குப் போகிறது. ஆக, கூலாயில் ஒரு மேட்டைத் திறந்துவிட்டால் அந்த மண் இரண்டு ஆறுகளில் ஏதாவது ஒன்றுக்குப் போகும்.

இரண்டும் குடிநீர் ஆறுகள். 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஸ்கூடாய், தெப்ராவ் ஆறுகளிலிருந்தும் பூலாய் மலையிலிருந்தும் சிங்கப்பூர் நீர் எடுத்தது. அந்த ஒப்பந்தம் 2011 ஆகஸ்ட் 31-இல் முடிந்து, நிலையங்கள் ஜொகூரிடம் ஒப்படைக்கப்பட்டன. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் இன்னும் நடப்பில் உள்ளது. அதன்படி ஜொகூர் ஆற்றிலிருந்து சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். 2061 வரை அது செல்லும். ஜொகூர் மக்களின் வீட்டுக் குழாய்களும் இதே ஆற்றை நம்பியுள்ளன.

கலங்கல் நீரைக் குடிநீராக்குவது எப்படி என்று வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். படிகாரம் போன்ற பொருளைச் சேர்த்து நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்து, கனமாக்கி, அடியில் இறங்க வைக்கிறார்கள். பிறகு மணல் வடிகட்டியில் விடுகிறார்கள். நீர் அதிகம் கலங்கினால் அதிகப் படிகாரம் வேண்டும், அதிகச் சேறு சேரும், செலவு கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் நிலையத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படி நடந்ததை நாம் பார்த்தோம். 2025 ஏப்ரல் தொடக்கத்தில் கோத்தா திங்கியில் மணல் கழுவும் குளம் ஒன்றின் கரை உடைந்து, ஜொகூர் ஆறு பால் கலந்த தேநீரைப்போல் மாறியது. சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. அன்றைக்கு எல்லோரும் கலங்கல் அளவைப் பற்றிப் பேசினார்கள். சில வாரங்களில் பேச்சு அடங்கிவிட்டது.

அதற்கும் முன்னே போவோம். 2001 டிசம்பர் 27-இல் 'வாமெய்' புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரை கடந்தது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் உருவாவது மிக அரிது. அந்த மழையில் கூலாய்க்கு அருகிலுள்ள பூலாய் மலையில் நிலம் சரிந்தது. மண்ணும் பாறையும் மரங்களும் ஓடை வழியே பாய்ந்து அடிவாரத்துக் கிராமத்தைத் தாக்கின. ஐவர் இறந்தனர். வண்டல் என்பது சோர்வான ஒரு பாடநூல் சொல்லாகத் தெரியலாம். ஆனால் அன்றிரவு அந்தக் கிராமத்துக்குள் வந்ததும் வண்டல்தான்.

ஒரு மழை நாள், எண்பத்து மூன்று வெயில் நாள்

இப்போது ஒரு சிறு கணக்கு. எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவை. கணக்கிடும் முறை எந்த ஆற்றுக்கும் பொருந்தும்.

மழையில்லாத நாளில் ஓர் ஆற்றில் விநாடிக்கு 20 கன மீட்டர் நீர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு லிட்டரிலும் 30 மில்லிகிராம் வண்டல். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆகவே விநாடிக்கு 600 கிராம் மண் போகிறது. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 52 டன்.

அதே ஆற்றில் கனமழை. விநாடிக்கு 100 கன மீட்டர் நீர். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வண்டல். விநாடிக்கு 50 கிலோ மண். நாளுக்கு 4,320 டன். 20 டன் லோரியில் ஏற்றினால் 216 லோரி.

நீர் ஐந்து மடங்குதான் கூடியது. மண்ணோ 83 மடங்கு கூடியது. காரணம், வேகமான நீர் அதிகமாக அரிக்கிறது. மழைத்துளியும் திறந்த மண்ணை அடித்துப் பெயர்க்கிறது. ஆகவே நீரும் கூடுகிறது, நீரில் உள்ள மண்ணின் செறிவும் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன.

இந்த ஆற்றில் மாதத்துக்கு இரண்டே நாள் கனமழை என்றாலும், அந்த மாதத்தின் மொத்த மண்ணில் 100-க்கு 86 பங்கு அந்த இரண்டு நாளில் போய்விடும். இப்போது ஓர் அதிகாரி மாதத்துக்கு ஒருமுறை வந்து ஒரு போத்தல் நீர் எடுக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வரும் நாள் வெயில் நாளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த ஒரு போத்தலை வைத்து மாதக் கணக்குப் போட்டால், உண்மையில் போன மண்ணில் ஆறில் ஒரு பங்கைக்கூட அது காட்டாது. போத்தல் பொய் சொல்லவில்லை. ஆனால் தவறான நாளில் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில் சொல்கிறது.

நம் சுற்றுச்சூழல் துறை ஆறுகளுக்கு நீர்த்தரக் குறியீடு தருகிறது. கரைந்த உயிர்வாயு, உயிர்வேதியியல் உயிர்வாயுத் தேவை, வேதியியல் உயிர்வாயுத் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பி.எச். என ஆறு அளவைகளைச் சேர்த்து அந்த எண் கிடைக்கிறது. நல்ல கருவி அது. அம்மோனியா வெளியானால் உடனே காட்டிக் கொடுக்கும். ஆனால் மண் அதில் ஆறில் ஓர் அளவை மட்டுமே. வெயில் நாளில் எடுத்த மாதிரியில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஆறு, மழை நாளில் ஆயிரக்கணக்கான டன் மண்ணைக் கடத்திக்கொண்டு போகலாம்.

யார் யார் அளக்கிறார்கள்?

நம் நாட்டில் யாருமே வண்டலை அளப்பதில்லை என்று நான் சொன்னால் அது அநியாயம். நீர்ப்பாசன வடிகால் துறை பல பத்தாண்டுகளாக ஆற்று நிலையங்களை நடத்துகிறது. ஜொகூர் ஆற்றில் ரந்தாவ் பாஞ்சாங் நிலையம் அவற்றுள் ஒன்று. ஏறக்குறைய 1,130 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் நீர் அதைக் கடந்து செல்கிறது. நீரோட்டத்தோடு மிதக்கும் வண்டலும் அங்கே அளக்கப்பட்டிருக்கிறது. நிலம் வெட்டும் திட்டங்களில் மண்ணரிப்பை எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்று 2010-இல் அத்துறை வழிகாட்டி வெளியிட்டது. ஆற்று மணல் எடுப்பதற்கு 2009-இலேயே வழிகாட்டி உண்டு.

1995-இல் தொடங்கிய மலேசிய தேசிய நீர் ஆய்வுக் கழகம், அணைகளிலும் கடலோரங்களிலும் நீரியல் ஆய்வு செய்கிறது. கனிம, புவி அறிவியல் துறை பாறையையும் மண்ணையும் அறியும். மீன்வளத் துறை கழிமுகத்தின் உயிர்களை அறியும். பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகவாண்மை செய்யும் ஒரு வேலை உங்களுக்கு வியப்பளிக்கும்: கதிரியக்கத்தைக் கொண்டு மண்ணின் வயதையும் இழப்பையும் கண்டுபிடிக்கிறார்கள்.

அது எப்படி? 1950களிலும் 60களிலும் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அப்போது உருவான சீசியம்-137 உலகெங்கும் மழையோடு விழுந்தது. 1963-இல் அது உச்சத்தில் இருந்தது. சீசியம் களிமண் துகளை இறுகப் பற்றிக்கொள்ளும். ஏரியின் அடியில் குழாயை இறக்கி வண்டலை உருளையாக எடுத்து, அடுக்கடுக்காக அளந்தால், சீசியம் மிகுந்த அடுக்கு 1963-ஐச் சுட்டும். அதற்கு மேலே எவ்வளவு தடிமன் இருக்கிறதோ, அவ்வளவும் அதற்குப் பிறகு சேர்ந்த மண். இதையே திருப்பிப் போட்டால், யாரும் தொடாத காட்டு மண்ணைவிட ஒரு சரிவில் சீசியம் குறைவாக இருந்தால், அந்தச் சரிவு மேல்மண்ணை இழந்திருக்கிறது என்று பொருள். சீசியம்-137-இன் அரைவாழ்வு சுமார் 30 ஆண்டு. 1963-இல் விழுந்ததில் இன்று எவ்வளவு மிச்சம் என்று படிவம் 5 இயற்பியல் மாணவர்கள் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய கால் பங்கு வரும். நிலநடுக்கோட்டுப் பகுதியில் விழுந்ததே குறைவு என்பதால் இங்கே நுட்பமாக அளக்க வேண்டியிருக்கிறது.

ஆக, ஆள் இருக்கிறது, அறிவு இருக்கிறது. என் குறை வேறு. ஒரு துறை நீரோட்டத்தை அறியும், ஒன்று நீரின் தரத்தை அறியும், ஒன்று மண்ணின் வயதை அறியும், ஒன்று மீனை அறியும். ஆனால் ஆறு துறைவாரியாக ஓடுவதில்லை. மேட்டில் வெட்டிய மண், வாய்க்காலை அடைத்து, வெள்ளத்தைக் கூட்டி, சுத்திகரிப்பு நிலையத்தைச் சிரமப்படுத்தி, கடற்புல்லை மூடுவது வரை ஒரே கதை. அதை ஐந்து கோப்புகளில் பிரித்து வைத்தால் கதை யாருக்கும் புரியாது.

இந்தக் கதை நீண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு கேமரன் மலையின் ரிங்லெட் சான்று. 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பாக்கார் அணை, மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. மேலே காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகள் திறக்கப்பட, அரித்த மண் கீழே ஏரியை நிரப்பிக்கொண்டே வந்தது. மண் சேரச் சேர நீருக்கு இடம் குறைகிறது. மழைநீரைத் தாங்கும் தெம்பு ஏரிக்குக் குறைகிறது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. அந்த ஏரியிலிருந்து சேற்றை வாரி எடுக்கப் பெரும் செலவு ஆகிறது. சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பது மலிவு. ஏரியிலிருந்து அதை வாருவது பல மடங்கு செலவு.

அளந்ததால் தவறு தெரிந்த கதை

அமெரிக்காவில் 1879-இல் தொடங்கிய நிலவியல் ஆய்வு நிறுவனம் அரசின் அறிவியல் அமைப்பு. நிலவியலாளர், நீரியலாளர், உயிரியலாளர், வேதியியலாளர் எல்லோரும் அங்கே ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். அவர்கள் கொலராடோ ஆற்றில் செய்த வேலையைச் சொன்னால், பல துறைகள் ஏன் ஒன்றாக உட்கார வேண்டும் என்பது விளங்கும்.

1963-இல் கிளென் கேன்யன் அணை அந்த ஆற்றை மறித்தது. அதுவரை செந்நிறச் சேற்றோடு ஓடிய ஆறு, அணைக்குக் கீழே தெளிந்து குளிர்ந்துவிட்டது. பார்க்க அழகு. ஆனால் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மணல் திட்டுகள் கரையத் தொடங்கின. அந்த ஆற்றுக்கே உரிய, முதுகில் திமில் கொண்ட மீன் அருகியது. பழங்குடி மக்களின் தொல்லிடங்களைக் காற்றுமணல் மூடிக் காத்துவந்தது. அந்த மணலும் குறைந்தது. நமக்கு மண் கூடியது சிக்கல். அவர்களுக்கு மண் குறைந்தது சிக்கல்.

1996-இல் ஒரு வாரம் அணையிலிருந்து செயற்கையாக வெள்ளம் விட்டார்கள். ஆற்றின் அடியில் பல ஆண்டு மணல் சேர்ந்திருக்கிறது, வெள்ளம் அதைக் கிளப்பித் திட்டுகளில் சேர்க்கும் என்பது எதிர்பார்ப்பு. அளந்து பார்த்ததில் உண்மை வேறாக இருந்தது. அடியில் எதிர்பார்த்த அளவு மணல் இல்லை. வெள்ளம் பழைய திட்டுகளின் கீழ்ப்பகுதியிலிருந்தே மணலை அரித்து மேலே போட்டிருந்தது. துணையாறுகள் கொண்டுவரும் மணல் நெடுநாள் தங்காமல் போய்விடுகிறது என்று பிறகு தெரிந்தது. அதனால் அணைக்குக் கீழே சுமார் 25 கிலோமீட்டரில் சேரும் பாரியா ஆறு மணலைக் கொண்டுவந்த பிறகே வெள்ளம் விடுவது என்று முறையை மாற்றினார்கள். 2012 முதல் அதற்கு நிலையான நடைமுறை உண்டு. ஆற்றில் ஒலி அலைக் கருவிகள் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வண்டலை அளக்கின்றன. அந்த எண்கள் பொதுமக்கள் பார்க்க இணையத்தில் இருக்கின்றன.

இதில் எனக்குப் பிடித்தது வெற்றியைவிடத் திருத்தம்தான். அவர்களுடைய முதல் எண்ணம் தவறு. அளந்துகொண்டே இருந்ததால் தவறு தெரிந்தது, தெரிந்ததால் மாற்றிக்கொண்டார்கள். அளக்காதவர்களுக்குத் தவறுவதற்கு உரிமை உண்டு. ஆனால் தவறினோம் என்று அறியும் வாய்ப்பு இல்லை.

நான் கேட்பது மூன்று

முதலாவது, மழை நாளில் அளக்க வேண்டும். கலங்கலை அளக்கும் ஒளிக்கருவியை ஆற்றில் நிலையாக வைத்தால், நடு இரவில் மழை பெய்தாலும் அது எழுதிக்கொண்டிருக்கும். ஒளி கலங்கலைத்தான் காட்டும், எத்தனை மில்லிகிராம் என்று காட்டாது. எனவே ஆட்கள் போய் மாதிரி எடுத்து, வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டு அந்தக் கருவியைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, துறைகள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். ஸ்கூடாய் ஆறு, சாயோங் ஆறு என ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரே வண்டல் கணக்கேடு இருக்கட்டும். மண் எங்கே கிளம்புகிறது, எங்கே தங்குகிறது, எங்கே வெளியேறுகிறது என்று வரவு செலவு போல எழுதப்படட்டும்.

மூன்றாவது, அந்தக் கணக்கு திறந்திருக்க வேண்டும். நீர்ப்பாசன வடிகால் துறையின் 'இன்ஃபோ பஞ்சிர்' பக்கத்தில் எந்த ஆற்றில் எவ்வளவு நீர்மட்டம், எந்த ஊரில் எவ்வளவு மழை என்று இன்று நீங்களே பார்க்கலாம். வெள்ளக் காலத்தில் உங்கள் அப்பாவும் அம்மாவும் அதைத்தான் பார்க்கிறார்கள். அந்தப் பக்கத்தில் ஆற்று மண்ணுக்கும் ஒரு வரி வேண்டும் என்கிறேன்.

செலவாகுமே என்பார்கள். ஆகும். கருவியில் பாசி படியும், குப்பை மோதும், துடைக்க ஆள் வேண்டும். ஆனால் சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாள் நின்றால் ஆகும் இழப்பையும், வாய்க்காலைத் தூர் வாரும் செலவையும் மறுபக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்களை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். நீர்மட்டத்தை வெளியிட்டபோது மக்கள் பீதியடையவில்லை. காரை மேட்டில் நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

வளர்ச்சியே வேண்டாம் என்பது என் வாதமன்று. கூலாயின் முகம் மாறிக்கொண்டிருக்கிறது. செடெனாக்கில் தொழில்நுட்பப் பூங்கா, புதிய தரவு மையங்கள், புதிய தாமான்கள். 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் கையெழுத்தானது. உங்களில் பலருக்கு அங்கே வேலை கிடைக்கும். நல்லது. கட்டடம் எழும் முன் நிலத்தைத் திறக்க வேண்டும். திறந்த நிலம் மழையில் அரிக்கும். வண்டல் தேங்கும் குட்டை வெட்டுவது, சரிவில் உடனே புல் பதிப்பது, மொத்த நிலத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல் பகுதி பகுதியாகத் திறப்பது எல்லாம் வழிகாட்டிகளில் எழுதியிருக்கின்றன. அவை வேலை செய்கின்றனவா என்பதை ஆற்றிலுள்ள அளவீடு சொல்லும். முறையாக நடப்பவருக்கு அது நற்சான்று; நடக்காதவருக்கு அது சாட்சி.

நீங்கள் செய்யக்கூடியது

பள்ளியில் ஒரு சோதனை செய்யுங்கள். மழை பெய்யும்போது ஆற்றங்கரைக்கோ பெரிய வாய்க்காலுக்கோ போக வேண்டாம். அது உயிருக்கு ஆபத்து. பள்ளித் திடலில் இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: புல் மூடிய ஓரிடம், புல் இல்லாத ஓரிடம். மழைக்கு முன்பே ஒவ்வோர் இடத்திலும் சரிவின் கீழ்ப்பக்கம் ஓர் அகலமான தகரத்தையோ பெட்டியையோ தரையோடு பதித்து வையுங்கள். மழை முழுதாக ஓய்ந்தபின் ஆசிரியரோடு போய், சேர்ந்த நீரை நன்றாகக் கலக்கி, ஒளி ஊடுருவும் போத்தல்களில் ஊற்றுங்கள். ஒரு நிமிடம், ஒரு மணி நேரம், ஒரு நாள், மூன்று நாள் என்று படம் எடுங்கள். மணல் முதலில் இறங்குவதையும், களிமண் நாள்கணக்கில் நிற்பதையும் கண்ணால் காண்பீர்கள்.

பிறகு ஒரு லிட்டரை எடை தெரிந்த வடிதாளில் வடிகட்டி, உலர்த்தி, ஆய்வகத் தராசில் மீண்டும் நிறுங்கள். எடை வேறுபாடுதான் உங்கள் வண்டல் அளவு. மிக நுண்ணிய களிமண் சாதாரண வடிதாளில் நழுவிவிடும் என்பதால் உண்மை அளவு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதையும் அறிக்கையில் எழுதுங்கள். தேதியையும், அன்றைய மழையளவையும் குறியுங்கள். ஒரு முறை செய்தால் அது விளையாட்டு. ஓராண்டு செய்தால் அது தரவு.

புல் மூடிய இடத்துக்கும் மூடாத இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ட மாணவருக்கு, வெட்டிய மேட்டைப் பார்க்கும் கண் மாறிவிடும். அடுத்த முறை பாலத்தைக் கடக்கும்போது தே தாரிக் நிற ஆற்றைப் பார்த்து, "இன்று எத்தனை லோரி?" என்று பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் கேளுங்கள். இன்றைக்கு அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல ஒரு பக்கமும் இல்லை. கேட்பவர்கள் பெருகினால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். அந்தப் பதிலைத் தயாரிக்கும் நீரியலாளராகவோ வேதியியலாளராகவோ உங்களில் ஒருவரே வந்து நின்றால், இந்தக் கட்டுரை எழுதியதற்குப் பயன் கிடைத்ததாக மகிழ்வேன்.